கறுப்புக் கோட்டின் விலை

நம் வீடுகளில் சட்டப் படிப்புக்கு ஒரு விசித்திரமான ஸ்தானம் உண்டு. குழந்தை கொஞ்சம் வாயாடியாக இருந்துவிட்டால், "இவனை வக்கீலுக்குப் படிக்க வையுங்கள்" என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். அதே குழந்தை வளர்ந்து, "வக்கீலுக்குத்தான் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். டாக்டர் படிப்புக்கு நிலத்தை விற்கத் துணிகிறவர்கள், என்ஜினீயர் படிப்புக்கு நகையை அடகு வைக்கிறவர்கள், சட்டப் படிப்பு என்றதும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசிப்பார்கள்.

முன்னெல்லாம் அந்த யோசனைக்கு அவசியம் குறைவு. பி.ஏ.யோ பி.எஸ்ஸி.யோ முடித்து, உத்தியோகம் கிடைக்காமல் சும்மா இருக்கிற பையன் போய் உட்காரும் இடமாகவே சட்டக் கல்லூரி பல குடும்பங்களுக்கு இருந்தது. பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி 1988-ல் தன் முதல் வகுப்பைத் தொடங்கியபோது நிலைமை மாற ஆரம்பித்தது. என். ஆர். மாதவ மேனன் என்ற பேராசிரியர் முன்னின்று நடத்திய பள்ளி அது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஐந்து வருஷம், விடுதியிலேயே வாசம், வடிகட்டிய மாணவர்கள் என்பது அதன் ஏற்பாடு. அதைப் பார்த்து மற்ற ராஜ்யங்களும் ஒவ்வொன்றாகத் தொடங்கின. இன்று தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இருபதுக்கு மேல். நம் திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டிலும் ஒன்று இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2008 முதல் 'கிளாட்' என்று ஒரே நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் போடவே 4,000 ரூபாய் என்றால் அதன் மவுசைப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே, வக்கீலுக்குப் படிக்கலாமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எங்கே படிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி 2025 ஜூன் மாதம் என் வீட்டுக்கும் வந்தது.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். சட்டத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் ஒன்றே ஒன்று. ஒரு நாவலில் கும்பகோணத்து வக்கீல் ஒருவரை நடமாட விட்டிருந்தேன். அதற்காக மூன்று மாதம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, குமாஸ்தாக்களிடம் காப்பி வாங்கிக் கொடுத்துக் கதை கேட்டேன். நாவல் வந்ததிலிருந்து என் அக்காவுக்கு நான் ஒரு சட்ட நிபுணன். "தம்பிக்குத் தெரியாத வக்கீலா?" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அக்கா மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, கிளாட் தேர்வும் எழுதி, இடமும் கிடைக்கிற மாதிரி ஆனதும், அக்காவும் அத்தானும் பெண்ணும் பாபநாசத்திலிருந்து நேரே என்னிடம் வந்துவிட்டார்கள்.

அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். எதையும் கோடு போட்டுக் கட்டம் கட்டித்தான் யோசிப்பார். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். இடது ஓரத்தில் மூன்று கல்லூரிகள்: வட ராஜ்யம் ஒன்றில் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், திருச்சி அரசு சட்டக் கல்லூரி, நம் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரி. மேலே மூன்று தலைப்புகள்: செலவு, தரவரிசை, வேலை.

"மச்சான், மூணு கட்டத்தையும் கூட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்து வரமாட்டேங்குது" என்றார்.

ஒத்து வராதுதான். ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு பாஷை பேசுகிறது.

முதலில் செலவு. அரசு சட்டக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். வருஷச் சம்பளம் என்று கட்டுவது, ஒரு பெண் திருச்சியில் தங்கி இரண்டு மாதம் சாப்பிடும் செலவுக்குக்கூட வராது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ல் வந்த சட்டப்படி, தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் தனியாக உண்டு. சட்டப் படிப்பும் அதில் சேர்ந்தது. வட ராஜ்யத்துக் கல்லூரியில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மூன்று லட்சம். ஐந்து வருஷத்துக்குப் பதினைந்து லட்சம். அத்தான் கட்டத்தில் அவ்வளவுதான் இருந்தது. ரயில் சார்ஜை அவர் எழுதவில்லை. விடுமுறைதோறும் டில்லியிலோ பம்பாயிலோ ஒரு வக்கீலிடமோ கம்பெனியிலோ பயிற்சிக்குப் போக வேண்டும். அநேகமாகச் சம்பளம் இருக்காது. அறை வாடகையும் சாப்பாடும் நம் பொறுப்பு. அந்தப் பயிற்சியெல்லாம் இல்லாமல் அங்கே படித்தும் பிரயோஜனம் குறைவு. படிப்பின் விலையைக் கல்லூரி சொல்லும். படிப்பைச் சுற்றியுள்ளவற்றின் விலையை நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது தரவரிசை. மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு வருஷா வருஷம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 2018 முதல் சட்டத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. அதில் பெங்களூர்தான் தொடர்ந்து முதலிடம். பட்டியலில் வரும் பெயர்கள் சாமானியமானவை அல்ல, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மார்க் எதற்குப் போடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கற்பிக்கும் வசதி, ஆராய்ச்சி, படித்து முடித்தவர்களின் நிலை, பல தரப்பட்டவருக்கும் இடம், வெளியில் உள்ள மதிப்பு என்று ஐந்து தலைப்புகள். வீட்டின் சுவர், கூரை, தோட்டம் எல்லாவற்றையும் அளந்து போட்ட மார்க் அது. அந்த வீட்டில் நம் பெண் எந்த அறையில் உட்காருவாள் என்பது அதில் வராது. கல்லூரியிலிருந்து கோர்ட் எவ்வளவு தூரம் என்பதும் அந்த ஐந்தில் இல்லை.

கோர்ட்டின் தூரத்தை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்னை சட்டக் கல்லூரி 1891-ல் ஏற்பட்டது. வெகு காலம் ஹைகோர்ட்டுக்குப் பக்கத்திலேயே, அதே சிவப்புக் கட்டடங்களின் சாயலில் நின்றது. காலையில் வகுப்பில் கேட்டதை மத்தியானம் கோர்ட் ஹாலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். வி. ஆர். கிருஷ்ணய்யர் அங்கே படித்தவர்தான். பவானிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, 2013-ல் இந்தியாவின் தலைமை நீதிபதியான சதாசிவமும் அங்கே படித்தவர்தான். 2018-ல் அந்தக் கல்லூரியை இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். இடவசதி பெருகிற்று, கோர்ட் தூரமாயிற்று.

ஆனால் இந்தப் பெரிய பெயர்களைச் சொல்லி, "அரசுக் கல்லூரியில் படித்தே இவ்வளவு பேர் வந்துவிட்டார்களே!" என்று முடித்துவிடுவது நியாயமாகாது. அந்தக் கல்லூரி பல்லாயிரம் பேரை வெளியே அனுப்பியது. நாம் ஞாபகம் வைத்திருப்பது பத்துப் பேரை. மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று எந்தப் பொன்விழா மலரிலும் அச்சிட மாட்டார்கள்.

மூன்றாவது கட்டம் வேலை. இங்கேதான் தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகம் மேஜை மேல் வந்தது. அந்தக் கல்லூரிக்காரர்கள் ஒரு வாரமாக எங்கள் சொந்தக்காரர்களைவிட அதிக அக்கறையாக அக்காவுக்குப் போன் செய்து கொண்டிருந்தார்களாம். புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒரு பையன் கோட்டும் டையுமாகச் சிரித்தான். அவனுடைய வருஷச் சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வண்டிச் சத்தத்துக்கு மாட்டின் கொம்பை மட்டும் காட்டுகிற சந்தை தரகனின் சாமர்த்தியம் அது.

"இந்தப் பையன் கூட எத்தனை பேர் படிச்சாங்க? அவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை? வேலை கிடைச்சவங்களை வரிசையா நிக்க வச்சா நடுவில நிக்கிறவனுக்கு என்ன சம்பளம்? இந்த மூணையும் கேட்டுப் பாருங்க" என்றேன். மத்திய அரசின் பட்டியலில் சேருகிற கல்லூரிகள், வேலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் அவர்களுடைய நடுச் சம்பளத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அது யாரும் பார்க்கக் கூடியது. உச்சச் சம்பளத்தை அச்சிடுகிறவர்கள் நடுச் சம்பளத்தை அச்சிடுவதில்லை. அத்தான் அங்கேயே போன் போட்டுக் கேட்டார். "சார், நீங்கள் நேரில் வாருங்கள், எல்லாம் விவரமாகப் பேசலாம்" என்று பதில் வந்தது. அத்தான் அந்தக் கல்லூரியின் பெயர் மேல் பொறுமையாக ஒரு கோடு இழுத்தார்.

மீதி இரண்டு. அதுவரை பெண் வாயே திறக்கவில்லை. மூன்று பெரியவர்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அவளைப் பார்க்கவில்லை.

"நீ படிச்சு என்னவாகப் போறே? அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

"முன்சீப் ஆகணும் மாமா" என்றாள் உடனே.

இப்போது உத்தியோகத்தின் பெயர் சிவில் ஜட்ஜ். எங்கள் பக்கத்தில் இன்னும் முன்சீப்தான். ஏன் என்று கேட்டதற்கு அவள் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். அத்தானின் தகப்பனாருக்கு ஒரு வாய்க்கால் வழக்கு இருந்தது. அரை மா நிலத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். வாய்தா மேல் வாய்தாவாகப் பதினோரு வருஷம் நடந்தது. இவளுக்குப் பத்து வயசிருக்கும்போது, லீவு நாளில் தாத்தாவோடு தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். தாத்தா எப்போதும் சுவரோரமாக நின்றுகொண்டுதான் இருப்பாராம். புதிதாக வந்திருந்த முன்சீப் ஒரு பெண்மணி. அந்த அம்மாள் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "பெரியவரே, உட்காருங்க. உங்க கேஸ் வர நேரமாகும்" என்று சொன்னாளாம்.

"பதினோரு வருஷத்துல தாத்தாவை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லையாம் மாமா. வீட்டுக்கு வந்து அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. கேஸ் என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லை."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். தம் தகப்பனார் பேச்சு வந்தால் அவர் அப்படித்தான்.

முன்சீப் ஆக வேண்டும் என்று அவள் சொன்னதும் கணக்கே வேறாகிவிட்டது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால்தான், 2025 மே 20-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத வேண்டுமானால் குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும். 2002-ல் விட்டுப் போயிருந்த பழைய விதி திரும்பி வந்துவிட்டது. நல்ல விதி என்றே எனக்குப் பட்டது. வாய்தா என்றால் என்ன என்று வக்கீல் மேஜையின் இந்தப் பக்கம் நின்று தெரிந்துகொள்ளாதவர், அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தால் கட்சிக்காரரின் கால் வலி எப்படித் தெரியும்? ஆனால் விதி நல்லதாக இருந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. ஐந்து வருஷப் படிப்போடு இந்த மூன்று வருஷத்தையும் ஒருவர் சாப்பிட்டுக் கடத்த வேண்டும்.

ஜூனியர் வக்கீலின் சாப்பாட்டைப் பற்றிக் கும்பகோணத்தில் நான் கேட்டதெல்லாம் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும். ஒரு வயதான வக்கீல் சொன்னார்: "என் சீனியர் எனக்கு இரண்டு வருஷம் கொடுத்தது காப்பி. மூன்றாவது வருஷம் காப்பியோடு ஒரு வடை." 2024 ஜூன் மாதம் சென்னை ஹைகோர்ட் இதைக் கவனித்து, சென்னை, மதுரை, கோயமுத்தூரில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று வக்கீல்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கோர்ட் சொல்லிவிட்டது. எல்லா சீனியர்களும் கொடுத்துவிடுவார்களா என்பது வேறு விஷயம். கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் அத்தானைக் கேட்டேன்: "பதினைந்து லட்சம் கடன். வட்டி பத்து சதவிகிதம். பத்து வருஷத்தில் அடைக்க வேண்டும். மாதத் தவணை எவ்வளவு?"

கூட்டுறவுச் சங்கக்காரருக்கு இது கை வந்த கணக்கு. "இருபதாயிரத்துக்கு இருநூறு ரூபா குறைச்சல்" என்றார். சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஜூனியராக இருக்கிற பெண்ணுக்கு, ஹைகோர்ட் சொன்னபடியே தருகிற தர்மவான் சீனியராக வாய்த்தாலும் மாதம் பதினைந்தாயிரம்தான். அதை முழுக்கக் கொண்டுபோய்ப் பாங்கில் கட்டினாலும் தவணைக்கு ஐயாயிரம் துண்டு விழுகிறது. படிக்கிற காலத்து வட்டி ஏறியிருப்பதை இதில் சேர்க்கவில்லை. அப்புறம் அவள் என்ன செய்வாள்? கடனை அடைக்க ஏதாவது ஒரு கம்பெனியில் போய்ச் சேருவாள். கெட்டிக்காரி, நன்றாகவே சம்பாதிப்பாள். முன்சீப் வேலை மட்டும் கனவாக நின்றுவிடும். யாரும் அவளைத் தடுத்திருக்க மாட்டார்கள். தவணை தேதி தடுத்திருக்கும்.

அத்தான் கட்டிய கட்டங்களில் இருந்த குறை இதுதான். செலவு, தரவரிசை, வேலை என்பவை தனித்தனிக் கட்டங்கள் அல்ல. முதல் கட்டத்தில் எழுதுகிற தொகை, மூன்றாவது கட்டத்தில் எந்த வேலையை ஒத்துக்கொள்ள முடியும் என்பதைச் சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகிறது. கடன் வாங்கிப் படித்தவனுக்குச் சம்பளம் குறைந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் இல்லை. வக்கீல் தொழிலிலோ, முதல் சில வருஷங்களில் செய்யத் தகுந்த நல்ல வேலையெல்லாம் சம்பளம் குறைந்த வேலைதான்.

இப்படிச் சொல்வதால், பெரிய கல்லூரிகளை நான் வேண்டாம் என்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஒரு வாசகர் இதே கேள்வியை எழுதியிருந்தார். மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவர். பையனுக்குக் கோர்ட்டில் நிற்கிற ஆசை துளியும் இல்லை. கம்பெனிகள் வாங்குவது, விற்பது, அதற்கு ஒப்பந்தம் எழுதுவது, இதில்தான் அவனுக்கு மோகம். அவருக்கு நான் உடனே பதில் எழுதினேன்: கடன் வாங்குங்கள், தயங்க வேண்டாம் என்று. அந்தத் தொழிலை நடத்துகிற பெரிய வக்கீல் ஸ்தாபனங்கள் ஆள் எடுக்கப் போகிற வாசல்கள் சில. அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வாசல்கள். முதல் சம்பளமே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிற இடங்கள் உண்டு. அவனுக்குத் தரவரிசை என்பது வாசல் கதவின் சாவி. இருபதாயிரம் தவணை அவனைக் கட்டிப்போடாது. தராசு ஒன்றுதான்; நிறுக்கிற பண்டம் வேறு.

பெண்ணுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு வருஷம் ராத்திரி கண் விழித்துப் படித்து வாங்கிய இடம் அது. பள்ளிக்கூடத்து வாசலில் அவள் படத்தைத் தட்டியில் போட்டு மாட்டியிருந்தார்கள். "திருச்சிக்குப் போனா எல்லாரும் ஃபெயிலாயிட்டேன்னு நினைப்பாங்களே மாமா" என்றாள். நினைப்பார்கள்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. வடக்கே போனால் கிடைக்கும் சகவாசமும், பெரிய நூலகமும், வாதப் போட்டிகளும், இங்கிலீஷில் சரளமும் நிஜமானவை. திருச்சியில் அவற்றைத் தானே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், தேடாவிட்டால் கிடையாது. இதையும் மறைக்காமல் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். ஐந்து வருஷம் முடிந்ததும் பார் கவுன்சில் வைக்கிற அகில இந்தியத் தேர்வு எல்லாக் கல்லூரிக்காரருக்கும் ஒன்றே. வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் சொல்லும் கட்டணம் 750 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற பிறகு கட்சிக்காரர் யாரும், "நீ எந்தக் காலேஜ், எத்தனையாவது ராங்க்?" என்று கேட்பதில்லை. "என் கேஸ் என்னம்மா ஆச்சு?" என்றுதான் கேட்பார்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அத்தான் போன் செய்தார். திருச்சி என்று முடிவாயிற்று. அத்தோடு அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். பெண்ணை வடக்கே சேர்ப்பதற்கு முன்பணமாக நாலு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அதை எடுத்துக் கல்யாணத்துக்கு என்று நகை வாங்கிவிடலாம் என்று அக்கா சொன்னாளாம். அத்தான் கேட்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு எடுக்காமல் பாங்கில் போட்டுவிட்டார். படிப்பு முடிந்த பிறகு, ஜூனியராக இருக்கிற முப்பத்தாறு மாதமும் மாதம் பத்தாயிரம் வீதம் அவள் கையில் கொடுப்பதற்கு.

"நோட்டுல நாலாவதா ஒரு கட்டம் போட்டிருக்கேன் மச்சான்" என்றார். "ஜூனியர் காலம்னு தலைப்பு."

கல்லூரியில் சேர்ப்பதற்குப் பணம் சேர்க்கிற தகப்பன்மாரை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கல்லூரியை விட்டு வெளியே வந்த பிள்ளை தலை நிமிர்ந்து காத்திருப்பதற்குப் பணம் சேர்த்தவரை அன்றுதான் பார்த்தேன்.

பெண் இப்போது திருச்சியில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். கல்லூரிக்கு விடுமுறையும் கோர்ட்டுக்கு வேலை நாளுமாக வாய்க்கிறபோது, மாவட்டக் கோர்ட்டில் போய்ப் பின்னால் நின்று கவனிக்கிறாளாம். சட்டப் புத்தகத்தை இங்கிலீஷில் சத்தம் போட்டு வாசிக்கிறாள் என்றும், தூங்க முடியவில்லை என்றும் உறவினர் வீட்டிலிருந்து செல்லமாகப் புகார் வருகிறது. போன தடவை பேசியபோது, "கோர்ட்ல பெஞ்சு போதலை மாமா. வயசானவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க" என்றாள். கல்லூரி எப்படி என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அது.